பெயர் கொடுத்த ஊரில் இரண்டு நாள்

தமிழில் மான்செஸ்டர் என்ற சொல் இரண்டு இடங்களில்தான் புழங்குகிறது. ஒன்று, கால்பந்து. இன்னொன்று, கோயம்புத்தூர். 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர் எது?' என்ற ஒரு மார்க் கேள்விக்குப் பதில் எழுதாமல் இங்கே யாரும் பள்ளிக்கூடம் தாண்டியிருக்க முடியாது. நான் சிங்காநல்லூர்ப் பக்கத்துக்காரி. அப்புச்சி முப்பது வருஷத்துக்கு மேல் மில்லில் நூல் பிரிவில் இருந்தவர். பட்டப்பெயர் அவ்வளவு பழக்கம். ஆனால் அதைக் கொடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று வெகுநாள் யோசித்ததே இல்லை.

இப்போது படிக்கவும் வேலைக்கும் இங்கிலாந்து போகிற தோழர்கள் அதிகம். "ஒரு வாரம் லீவு, லண்டன் பார்த்தாச்சு, அடுத்து எங்க போகலாம்?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது: லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறுங்கள், இரண்டேகால் மணி நேரத்துக்குள் மான்செஸ்டர் பிக்காடிலியில் இறங்கலாம். இரண்டு நாள் போதும். நடந்தே பார்த்துவிடலாம். அங்கே அரண்மனை கிடையாது, கிரீடம் கிடையாது. கால்வாய், கிடங்கு, நூலகம், ஒரு பழைய சந்தைக் கூடம், இவைதான். 'இதுல பாக்க என்ன இருக்கு?' என்று தோன்றலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

போவதற்கு முன்னால் ஒரு விஷயம். 1842-இல் பிரெட்ரிக் எங்கெல்ஸ் என்ற 22 வயது ஜெர்மன் இளைஞனை அவன் அப்பா இந்த ஊருக்கு அனுப்பினார். குடும்பத்துக்குப் பங்கு இருந்த நூற்பாலையில் தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று. பையன் தொழிலைவிட ஊரைத்தான் அதிகம் படித்தான். 1845-இல் ஜெர்மன் மொழியில் வந்த அவனுடைய புத்தகத்தில், இங்கிலாந்துத் தொழிலாளர்களின் நிலையைப் பற்றியது அது, மான்செஸ்டரின் தெரு அமைப்பைப் பற்றி ஒரு கவனிப்பு இருக்கிறது. நகரின் நடுவிலிருந்து வெளியே போகிற பெரிய சாலைகளின் இரு பக்கமும் பளபளவென்று கடைகள். புறநகர் மாளிகையில் இருக்கும் முதலாளி தினமும் அந்தச் சாலை வழியாகவே சந்தைக் கூடத்துக்கு வந்து போவார். கடைகளுக்குப் பின்னாலேயே ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் சேற்றிலும் புகையிலும் கிடக்கும். ஆயுள் முழுக்க வந்து போனாலும் அது அவர் கண்ணில் படாது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆனாலும் அப்படித்தான் அமைந்திருக்கிறது என்கிறார் எங்கெல்ஸ்.

சுற்றுலாப் பயணியும் அந்த முதலாளி போன பாதையில்தான் போகிறார். கைபேசி காட்டும் 'டாப் டென்' எல்லாம் கடை வரிசைதான். அதனால் இரண்டு நாளும் ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். எந்த இடத்தைப் பார்த்தாலும், அதன் முகப்பைப் பார்த்துவிட்டு, பின்னால் யார் இருந்தார்கள் என்று கேட்பது.

முதல் நாள்

காலையில் காசில்பீல்டில் தொடங்குங்கள். ரோமானியர்கள் கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் கோட்டை கட்டிய இடம் இது. திரும்பக் கட்டிய ஒரு மதில் துண்டும் வாசலும் நிற்கின்றன. போட்டோ எடுத்துக்கொண்டு கால்வாய்க்கு இறங்கிவிடுங்கள். ஊரின் கதை அங்கேதான் இருக்கிறது.

பருத்தி விளையாத ஊர், கடலும் இல்லாத ஊர், எப்படி உலகத்துக்கே துணி நெய்தது? பதிலின் முதல் பாதி இந்தக் கால்வாய். பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்கு வொர்ஸ்லி என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. குதிரை முதுகில் ஏற்றிக் கொண்டுவந்தால் கட்டுப்படியாகவில்லை. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளரை வைத்துக் கால்வாய் வெட்டினார். 1761-இல் அது திறந்ததும் மான்செஸ்டரில் நிலக்கரி விலை ஏறக்குறையப் பாதியானது. நிலக்கரி மலிந்தால் நீராவி மலியும். நீராவி மலிந்தால் ஆற்றோரத்தைத் தேடிப் போகாமல் ஊருக்குள்ளேயே மில் கட்டலாம். 1801-இல் முக்கால் லட்சம் பேர் அளவுக்கு இருந்த ஊர் 1851-இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது.

பதிலின் மறுபாதி ஐந்து நிமிட நடையில். லிவர்பூல் சாலை ரயில் நிலையம், 1830 செப்டம்பர் 15-இல் திறந்தது. ஒரு பெருநகரத்தை இன்னொன்றோடு இணைத்து, முழுக்க நீராவி எஞ்சினை நம்பிப் பயணிகளை ஏற்றிய முதல் ரயில் பாதையின் கடைசி நிறுத்தம். உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய பயணிகள் ரயில் நிலையம் இதுதான். இப்போது அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தின் பகுதி. திறப்பு விழா அன்றே வில்லியம் ஹஸ்கிசன் என்ற எம்.பி., வழியில் இறங்கி நின்றபோது 'ராக்கெட்' எஞ்சினில் அடிபட்டு இறந்துபோனார். இது எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கும். குறைவாகச் சொல்லப்படுவது இன்னொன்று. ரயிலில் பிரதமர் வெலிங்டன் பிரபு இருந்தார். வாட்டர்லூவில் நெப்போலியனை ஜெயித்தவர். மான்செஸ்டரில் அவரை வரவேற்க நின்ற கூட்டம் கோபத்தோடு நின்றது. அவர் பெட்டியை விட்டு இறங்கவே இல்லை. ஏன் கோபம் என்பதை மத்தியானம் பார்ப்போம்.

நிலையத்தோடு சேர்ந்து 1830-இல் கட்டிய சரக்குக் கிடங்கும் நிற்கிறது. லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சுப் பொதி இங்கேதான் வந்து சேர்ந்தது. 1860 வாக்கில் பிரிட்டனுக்கு வந்த பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வந்தது. பறித்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை 1830-களில் ஒழித்துவிட்டது. அடிமைகள் பறித்த பஞ்சை வாங்குவதை நிறுத்தவில்லை. அந்தக் கிடங்கின் மரத்தூண்களுக்கு நடுவே நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்தில் ஜவுளிக் கூடத்தைத் தவறவிடாதீர்கள். கார்டிங்கிலிருந்து தறி வரைக்கும் எந்திரங்கள் வரிசையாக நிற்கும். குறிப்பிட்ட நேரங்களில் ஊழியர்கள் ஓட்டிக் காட்டுவார்கள். உள்ளே நுழைந்ததும் நேரம் விசாரித்துவிடுங்கள். ஒரே ஒரு தறி ஓடினாலே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. நூற்றுக்கணக்கில் ஓடிய கூடத்தில் வேலை பார்த்த லங்காஷயர் பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொள்ள ஒரு முறை வைத்திருந்தார்கள். 'மீ-மா' என்று அதற்குப் பேர். எங்கள் வீட்டில் அப்புச்சியிடம் எதைச் சொன்னாலும் அவர் வாயையே பார்ப்பார். காது மந்தம் என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். மில்லு சத்தத்தில் போன காது அது. அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்கு ஊர்ப்பெயரின் ஒற்றுமை முதன்முதலாக உடம்பில் உறைத்தது.

அங்கிருந்து டீன்ஸ்கேட் வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம். வெளியிலிருந்து பார்த்தால் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். உள்ளே கல் வளைவுகள், வண்ணக் கண்ணாடி, இருட்டான மர அலமாரிகள். அனுமதி இலவசம். ஜான் ரைலண்ட்ஸ் பருத்தி முதலாளி. 17 ஆலைகள், சுமார் 15,000 தொழிலாளர்கள். 1888-இல் அவர் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதி மனைவி என்ரிகேட்டாவுக்கு வந்தது. கியூபாவில் வணிகக் குடும்பத்தில் பிறந்த பெண். கணவர் நினைவாக அவர் கட்டியது இந்த நூலகம். ஸ்பென்சர் குடும்பத்தின் நூல் தொகுப்பை 1892-இல் இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கினார். 1900 ஜனவரி 1-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. புதிய ஏற்பாட்டின் கைப்பிரதிகளில் மிகப் பழையதாகப் பலரும் கருதும் பாப்பிரஸ் துண்டு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு, இங்கேதான் இருக்கிறது. வாசிப்புக் கூடத்தின் இரு முனைகளிலும் கணவனும் மனைவியும் பளிங்குச் சிலைகளாக எதிரெதிரே நிற்கிறார்கள். 15,000 பேருக்கு அங்கே சிலை இல்லை. ஆனாலும் நான் அந்த நூலகத்தை வெறுக்கச் சொல்ல மாட்டேன். நூல் விற்ற காசு நூலகமாக மாறியிருக்கிறது. அதுவரை சந்தோஷம். காசு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சற்றுத் தள்ளி, பிராசனோஸ் தெருவில் லிங்கன் சதுக்கம். இங்கிலாந்து ஊரில் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனுக்கு என்ன வேலை? 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. வடக்கின் கப்பற்படை தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பஞ்சு வரத்து நின்றது. லங்காஷயரில் லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை போய், கஞ்சித் தொட்டி முன்னால் வரிசை நின்றது. முற்றுகையை உடைத்துப் பஞ்சைக் கொண்டுவாருங்கள் என்று அரசை நெருக்கப் பல பேர் இருந்தார்கள். அந்த நிலையில் 1862 டிசம்பர் 31-இல் மான்செஸ்டர் தொழிலாளர்கள் ஃப்ரீ டிரேட் ஹாலில் கூடி, லிங்கனுக்கு ஆதரவாகக் கடிதம் அனுப்பினார்கள். அடிமை முறை ஒழியட்டும் என்றார்கள். 1863 ஜனவரி 19-இல் லிங்கன் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். அமெரிக்காவிலிருந்து ஒரு கப்பல் மாவு மூட்டைகளோடு வந்தது. சிலைக்குக் கீழே பதில் கடிதத்தின் வரிகள் இருக்கின்றன.

லங்காஷயர் முழுக்க இப்படி ஒரே மனசாக நின்றது என்று நம்பிவிட வேண்டாம். தென்மாநிலங்களுக்குப் பரிந்து பேசிய தொழிலாளர்களும் இருந்தார்கள். லிவர்பூல் வியாபாரிகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் பட்டினி கிடந்த ஒரு கூட்டம், தங்கள் பட்டினிக்குக் காரணமான முற்றுகையை ஆதரித்தது என்பது நடந்த விஷயம். இந்தியாவுக்கும் இதில் ஒரு பாகம் உண்டு. அமெரிக்கப் பஞ்சு நின்றதும் இந்தியப் பஞ்சைத் தேடி ஓடினார்கள். இங்கே விலை எகிறியது, விவசாயிகள் கடன் வாங்கிப் பருத்தி போட்டார்கள். போர் முடிந்ததும் விலை சரிந்தது, கடன் நின்றது. அங்கே மில்லிலோ இந்தியப் பஞ்சின் குட்டை இழையைத் தொழிலாளர்கள் திட்டித் தீர்த்தார்கள். நூல் அறுந்துகொண்டே இருந்தால் கூலி குறையும் அல்லவா. 'சூரத்' என்றாலே மட்டமான சரக்கு என்று அர்த்தமாகிவிட்டது. இரு முனையிலும் ஏழை. நடுவில் பஞ்சு வியாபாரி.

இனி மத்தியானக் கதை. ஐந்து நிமிடத்தில் செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கம். டிராம்கள் மஞ்சளாக வந்து போகும். அந்தப் பகுதி 1819-இல் வெறும் மைதானம். ஆகஸ்ட் 16, திங்கட்கிழமை, சுமார் 60,000 பேர் அங்கே கூடினார்கள். சுற்றுவட்டாரத்துக் கைத்தறி நெசவாளர்களும் நூற்பாலைத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு, ஞாயிற்றுக்கிழமை உடுப்பு போட்டுக்கொண்டு, கொடியும் மேளமுமாக வந்தார்கள். பெண்கள் பல பேர் வெள்ளை உடை. கோரிக்கை, ஓட்டுரிமை. அவ்வளவு பெரிய ஊருக்கு நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர்கூட இல்லை. ஹென்றி ஹண்ட் பேசத் தொடங்கியதும் அவரைக் கைது செய்ய நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். உள்ளூர்க் குதிரைப்படை, கடைக்காரர்களும் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்த தன்னார்வப் படை, வாளோடு கூட்டத்துக்குள் புகுந்தது. பின்னாலேயே ராணுவக் குதிரைப்படை. கொஞ்ச நேரத்தில் மைதானம் காலி. இறந்தவர்கள் 18 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. காயம்பட்டவர்கள் அறுநூறுக்கும் மேல். முதல் சாவு வில்லியம் ஃபில்டெஸ், இரண்டு வயதுக் குழந்தை. படைவீரன் ஒருவன் குதிரையில் பாய்ந்து வந்தபோது தாயின் கையிலிருந்து விழுந்தது. காயத்தோடு வீடு திரும்பிப் பின்னால் இறந்தவர்களில் ஜான் லீஸ் வாட்டர்லூவில் வெலிங்டன் பக்கம் சண்டை போட்ட ஆள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஜெயித்த வாட்டர்லூவைக் கேலி செய்து, இந்தப் படுகொலைக்கு 'பீட்டர்லூ' என்று உள்ளூர்ப் பத்திரிகை பெயர் வைத்தது. வெலிங்டன் ரயிலை விட்டு ஏன் இறங்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

அரசு நீதிபதிகளைப் பாராட்டியது. ஹண்டைச் சிறையில் போட்டது. மான்செஸ்டருக்கு எம்.பி. கிடைக்க 1832 ஆனது.

இனி கவனிக்க வேண்டியது நினைவுச் சின்னங்களை. மைதானம் இருந்த இடத்தில் பின்னால் எழுந்தது ஃப்ரீ டிரேட் ஹால். இப்போது நட்சத்திர விடுதி. அதன் சுவரில் வெகுகாலம் ஒரு நீலப் பலகை இருந்தது. ராணுவம் கூட்டத்தைக் 'கலைத்தது' என்று மட்டும் சொல்லும். யாரும் செத்ததாக அதில் இல்லை. உள்ளூர்க்காரர்கள் இயக்கம் நடத்தி, 2007-இல் அதை எடுத்துவிட்டுச் சிவப்புப் பலகை வைக்கச் செய்தார்கள். அதில் சாவும் காயமும் உண்டு. சரியான நினைவுச் சின்னம் 2019-இல்தான் வந்தது. இருநூறு வருஷம். கலைஞர் ஜெரமி டெல்லர் வடிவமைத்த வட்ட வட்டமான கல் படிகள். ஒவ்வொரு வளையத்திலும் செத்தவர்கள் பேரும் அவர்கள் ஊர்களும். யாரும் ஏறி நின்று பேசலாம் என்பது எண்ணம். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் எப்படி ஏறுவார்கள் என்ற கேள்வியும் உடனே எழுந்தது. எல்லாருக்கும் உரிமை கேட்டவர்களின் நினைவுப் படியில் எல்லாராலும் ஏற முடியவில்லை என்பது சின்னக் குறை இல்லை.

பீட்டர்லூவுக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1919-இல், ஜாலியன்வாலாபாக். அந்தப் படிகளில் உட்கார்ந்தால் நமக்கு அது நினைவுக்கு வராமல் போகாது.

நேரம் இருந்தால் அதே விடுதியின் வாசலில் இன்னொரு நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1905 அக்டோபர் 13. உள்ளே லிபரல் கட்சிக் கூட்டம். "பெண்களுக்கு ஓட்டு தருவீர்களா?" என்று இரண்டு பெண்கள் எழுந்து கேட்டார்கள். வெளியே தள்ளப்பட்டு, கைதாகி, அபராதம் கட்ட மறுத்துச் சிறை போனார்கள். ஒருவர் கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட். அவர் அம்மா எம்மெலினின் சிலை சதுக்கத்தில் நிற்கிறது. இன்னொருவர் ஆனி கென்னி. பத்து வயதில் மில்லுக்குப் போனவர், அங்கே ஒரு விரலை எந்திரத்துக்குக் கொடுத்தவர். அம்மா சிலையோடு எல்லாரும் செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் ஆனியின் பெயரையும் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள்

காலையில் ராயல் எக்ஸ்சேஞ்ச். எங்கெல்ஸ் சொன்ன முதலாளி தினமும் வந்து சேர்ந்த சந்தைக் கூடம் இதுதான். இப்போது நாடக அரங்கு. அந்தப் பிரம்மாண்டக் கூடத்துக்குள் விண்கலம் மாதிரி ஒரு வட்ட அரங்கம் உட்கார்ந்திருக்கிறது. அண்ணாந்து பாருங்கள். உயரத்தில் விலைப் பலகை. வியாபாரம் நின்ற 1968-இல் கடைசி நாள் விலை என்னவோ அதுவே இன்னும் அதில் இருக்கிறது.

அந்தப் பலகை நின்றதில் நமக்கும் பங்கு உண்டு. 1913-இல் லங்காஷயர் ஏற்றுமதி செய்த துணி சுமார் 700 கோடி கஜம். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வாங்கியது இந்தியா. நாம் விரும்பி வாங்கினோம் என்று சொல்ல முடியாது. மான்செஸ்டர் முதலாளிகள் கொடுத்த நெருக்கடியில் 1882-இல் இறக்குமதி வரி எடுக்கப்பட்டது. அரசுக்குப் பணம் போதாமல் அந்த வரி திரும்ப வந்தபோது, சமன் செய்ய வேண்டும் என்று இந்திய மில் துணி மீதே 1896-இல் மூன்றரை சதவீத உற்பத்தி வரி போட்டார்கள். சொந்த ஊரில் நெய்து சொந்த ஊரில் விற்கிற துணிக்கு வரி! அது போக 1926 ஆனது. 'சுதந்திர வணிகம்' என்று மண்டபத்துக்கே பெயர் வைத்த ஊரின் சுதந்திர வணிகம் இப்படி.

வெளியே வந்து கார்ப்பரேஷன் தெருவில் ஒரு சிவப்புத் தபால் பெட்டி. 1996 ஜூன் 15-இல் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் சுற்றுவட்டாரமே நொறுங்கியபோது இது தப்பித்தது. முன்னெச்சரிக்கையால் முக்கால் லட்சம் பேரை வெளியேற்றியதால் ஒரு உயிரும் போகவில்லை. அங்கிருந்து தேவாலயம் பக்கம். 2017 மே 22 அரங்கக் குண்டுவெடிப்பில் இறந்த 22 பேருக்கான தோட்டமும் அருகில் இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது மரியாதை.

தேவாலயத்தை ஒட்டிக் காந்தி நிற்கிறார். 2019-இல் வைத்த சிலை. ஆப்பிரிக்கர்களைப் பற்றி அவர் எழுதியதைச் சுட்டி அப்போது மாணவர்கள் எதிர்த்தார்கள். அந்த விவாதமும் சிலையோடு சேர்ந்ததுதான். இங்கே காந்திக்கு உள்ள தொடர்பு 1931 செப்டம்பர். வட்டமேஜை மாநாட்டுக்கு வந்தவர், அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்த லங்காஷயர் தொழிலாளர்களைப் பார்க்க டார்வென் போனார். மில் பெண்கள் அவரைச் சுற்றி நின்று கை உயர்த்திச் சிரிக்கும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் சமாதானம் சொல்லி மழுப்பவில்லை. உங்கள் கஷ்டம் தெரிகிறது, ஆனால் எங்கள் கிராமங்களின் பட்டினி இதைவிடப் பெரிது என்ற பொருளில்தான் பேசினார். பேரம் பேசப் போன இடத்தில், எதிராளியின் சமையலறை வரைக்கும் போய் உட்கார்ந்து வந்த ஆள்.

அடுத்து செதம் நூலகம், பக்கத்திலேயே. கட்டடம் 1421-ஆம் ஆண்டுக்காலத்தது. நூலகம் 1653-இல் ஹம்ப்ரி செதம் என்ற துணி வியாபாரியின் உயிலால் உருவானது. ஆங்கிலம் பேசும் உலகில் மிகப் பழைய இலவசப் பொது நூலகம் என்பார்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், சீட்டு முன்பதிவு செய்துவிடுங்கள். வாசிப்பு அறையின் சன்னலோர மேசையில் 1845 கோடையில் மார்க்ஸும் எங்கெல்ஸும் உட்கார்ந்து பொருளாதாரப் புத்தகங்கள் படித்தார்கள். மேசை அப்படியே இருக்கிறது. தொடலாம், உட்காரலாம்.

உட்கார்ந்து எழுந்ததும் அங்கேயே சுற்றுலாவை முடித்துவிடாதீர்கள். அவர்கள் படித்தது மேசையில், பார்த்தது பின் தெருவில். விக்டோரியா நிலையத்துக்குப் பின்னால் பத்து நிமிடம் நடந்தால் ஏஞ்சல் மெடோ. பச்சைப் புல், விளக்குக் கம்பம், நாயோடு நடக்கிறவர்கள். புல்லுக்குக் கீழே சுமார் 40,000 ஏழைகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைச் சுற்றி இருந்தது ஊரின் மிக மோசமான சேரிகளில் ஒன்று. எட்வின் சாட்விக் 1842-இல் கொடுத்த அறிக்கையில் ஒரு எண் உண்டு. மான்செஸ்டரில் தொழிலாளர் குடும்பத்தில் சராசரிச் சாவு வயது 17. குழந்தைகள் அத்தனை பேர் செத்ததால் சராசரி அப்படி இறங்கியது. வசதியானவர்களுக்கு 38. ரட்லண்ட் கிராமத்துக் கூலிக்கும் அதே 38. ஊருக்கு வந்து மில்லில் சேர்ந்ததன் விலை அந்த வித்தியாசம். இப்போது புல்வெளியைச் சுற்றிக் கண்ணாடி அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன.

அங்கிருந்து ஆங்கோட்ஸ். 1798-இல் கட்டத் தொடங்கிய மர்ரே சகோதரர்களின் மில், செங்கல் செங்கலாக, கால்வாய் ஓரம் நிற்கிறது. உள்ளே இப்போது சொகுசுக் குடியிருப்பு. கீழே காபிக் கடைகள், நல்ல ரொட்டிக் கடைகள். நான் அங்கே காபி குடித்தேன், நன்றாகவே இருந்தது. இடித்துத் தள்ளாமல் வைத்திருப்பதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒரு முகப்பைப் பத்திரமாக வைத்திருப்பதும், அதற்குள் இருந்தவர்களை நினைவில் வைத்திருப்பதும் ஒரே வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பசிக்கிறதா? பக்கத்தில் நார்தர்ன் குவார்ட்டர். 'ரைஸ் அண்ட் த்ரீ' என்று கேளுங்கள். ஒரு தட்டு சோறு, மேலே மூன்று வகைக் குழம்பு. துணிக்கிடங்குகளில் வேலை பார்த்த தெற்காசியத் தொழிலாளர்களுக்காகச் சந்துகளில் தொடங்கிய மலிவுக் கடைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, உள்ளூர்க்காரர்கள் விரும்பாத இரவு ஷிப்ட்டுக்கு லங்காஷயர் மில்கள் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஆள் எடுத்தன. எந்த நாட்டின் தறியை இந்த ஊர் நிறுத்தியதோ, அந்த நாட்டு ஆட்கள் வந்துதான் இந்த ஊரின் கடைசித் தறிகளை ஓட்டினார்கள். சோற்றுத் தட்டும் வரலாற்றுச் சின்னம்தான். டிக்கெட் மட்டும் கிடையாது.

சில நடைமுறை விஷயங்கள். மழை எந்நேரமும் வரும். குடையைக் காற்று திருப்பிவிடும், தொப்பி வைத்த கோட்டு நல்லது. அரசு அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் இலவசம், ஆனால் பழைய கட்டடங்களில் பராமரிப்பு வேலை நடக்கும். கிளம்புமுன் எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அரை நாள் மிச்சமிருந்தால், கால்பந்து மைதானத்துக்குப் போகுமுன், மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தொழிற்சங்கங்களின் கையால் தைத்த பெரிய பெரிய பதாகைகள் அங்கே இருக்கின்றன. மற்ற இடத்திலெல்லாம் முகப்புக்குப் பின்னால் தேடவேண்டிய ஆட்கள் அங்கே முன்னால் நிற்பார்கள்.

கடைசியாக, நம் பட்டப்பெயர். கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மான்செஸ்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரோடு மற்றவையும் வந்தன: பன்னிரண்டு மணி நேர வேலை, பஞ்சுத் தூசி ஏறிய நெஞ்சு, சங்குச் சத்தத்துக்கு ஓடுகிற வாழ்க்கை, சங்கம் வைத்ததற்கு அடி. சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் நான்கு பேரும், மில் அடியாள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் 1946 ஜனவரி 8-இல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஒரு மார்க் கேள்விக்குப் பதில் எழுதிய என் வகுப்பில் இந்த நான்கு பெயரையும் யாரும் சொல்லித்தரவில்லை. தொழிற்சங்கத்தார் மட்டும் வருஷா வருஷம் மறக்காமல் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

மான்செஸ்டர் தன் சுவரில் ஒரு பலகையின் வாசகத்தை மாற்ற எவ்வளவு காலம் எடுத்தது என்று பார்த்தோம். மாற்றியது அரசு தானாகச் செய்ததல்ல. ஊர்க்காரர்கள் நச்சரித்துச் செய்தது. கார்டியன் பத்திரிகையும் அப்படித்தான்: 1821-இல் அதைத் தொடங்கிய பருத்தி வியாபாரிகளுக்கு அடிமை முறையோடு இருந்த தொடர்பை ஆய்வு செய்து, அதன் உரிமையாளரான அறக்கட்டளை மன்னிப்புக் கேட்டது 2023-இல். தாமதம்தான். ஆனால் நடந்தது. பெயரை அங்கிருந்து எடுத்துக்கொண்ட நாம் இந்தப் பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மான்செஸ்டர் போக விசா வேண்டும். சிங்காநல்லூருக்கு உக்கடத்திலிருந்தோ காந்திபுரத்திலிருந்தோ டவுன் பஸ் இருக்கிறது. மூடிக்கிடக்கும் ஒரு மில்லின் கேட்டுக்கு எதிரே டீக்கடை இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் யாராவது ஒருவருக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருக்கும். பக்கத்தில் போய், வாய் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, கேளுங்கள்: "எந்த மில்லுங்க, எந்த டிபார்ட்மெண்டு?" மத்ததை அவரே சொல்வார்.